ஒதுக்கி உண்ணும் விருந்தாளி

ஒரு சிலவற்றை மட்டுமே விரும்பி உண்டு, மற்றவற்றைத் தொட்டுப் பார்க்கவும் தயங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் எல்லா வயதிலும் உண்டு. சொந்த வீட்டில் அது பெரிதாகத் தெரிவதில்லை. பிடிக்காதது அங்கே சமைக்கப்படுவதே இல்லை. சமைத்தாலும் ஒருவர் ஒதுக்கியதை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவர் இன்னொரு வீட்டில் நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. சாம்பாரில் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறார். பொரியலிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி இலையோரம் சேர்க்கிறார். வயிறு நிறைந்துவிட்டது என்று பாதியில் எழுகிறார். சமைத்தவருக்கு மனம் சுருங்குகிறது. எழுந்தவருக்கோ அதைவிடக் கூச்சம். செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை, பிடிவாதக்காரர் என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டாமல் இருப்பதில்லை. சுவை, மணம், அருவருப்பு ஆகியவை பற்றிக் கடந்த நூறாண்டில் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் அந்தப் பேச்சு பெரும்பாலும் தவறு என்று தெரிகிறது. ஒதுக்குவதற்கு ஒரே காரணம் இல்லை. தொடர்பில்லாத ஐந்தாறு காரணங்கள் ஒரே செய்கையாக வெளிப்படுகின்றன. எந்தக் காரணம் என்பதைப் பொறுத்து அடுப்படியில் செய்ய வேண்டியதும் மாறுகிறது.

முதல் காரணம் மனித இனத்துக்கே பொதுவானது. யூகலிப்டஸ் இலையை மட்டும் தின்னும் கோவாலாவுக்கு இன்று எதைத் தின்பது என்ற கேள்வி எழுவதில்லை. எதையும் தின்னக்கூடிய எலிக்கும் மனிதனுக்கும் அந்தக் கேள்வி ஒவ்வொரு புதுப் பொருளிடமும் எழுகிறது. புதியதைத் தின்னாவிட்டால் ஊட்டம் போதாது. தின்றால் நஞ்சாக இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1976இல் இந்த இக்கட்டை விரிவாக எழுதினார். புதிய உணவின் மீதான அச்சம் இதன் விளைவு. கைக்குழந்தைக்கு இது குறைவு. தாய் ஊட்டுவதை அது ஏற்கிறது. நடக்கத் தொடங்கி, கண்டதைத் தானே எடுத்து வாயில் போடும் வயது வந்ததும் அச்சம் ஏறுகிறது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை அது உச்சத்தில் இருந்து, பிறகு பலருக்கு மெல்ல இறங்குகிறது. சிலருக்கு இறங்குவதே இல்லை. கனடாவின் பட்ரீஷியா பிளைனரும் கேரன் ஹாப்டனும் 1992இல் பத்துக் கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கி, பெரியவர்களிடமும் இந்த அச்சம் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளக்க வழி செய்தார்கள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையிலான 5,390 இரட்டையர் இணைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. புதிய உணவுக்கு அஞ்சுவதில் பிள்ளைகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாட்டில் 78 விழுக்காடு மரபணு வழியே வந்தது என்று அது கணக்கிட்டது. ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே தட்டு. அண்ணன் எல்லாம் தின்கிறான், தம்பி தயிர்சாதத்தை விட்டு நகர மறுக்கிறான். அந்த அம்மாவைக் குறைசொல்லி வந்த ஊருக்கு இந்த எண் ஒரு பதில். மரபணு வழி வந்தது மாறாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கிட்டப்பார்வையிலும் மரபின் பங்கு பெரிது. கண்ணாடி போட்டால் பார்வை தெளிகிறது.

இரண்டாவது காரணம் நாக்கில் இருக்கிறது. 1931இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பினைல்தயோகார்பமைடு என்னும் பொடியைக் கையாண்டபோது, சிறிது காற்றில் பறந்தது. அருகில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முகம் சுளித்தார். அதைவிடக் கிட்டத்தில் நின்ற ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது மனிதர்கள் இரு கூறாகப் பிரிந்தார்கள்: கடுமையாகக் கசந்தவர்கள் ஒருபுறம், சுவையே தெரியாதவர்கள் மறுபுறம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2003இல், இந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு ஏழாவது குரோமோசோமில் அடையாளம் காணப்பட்டது. கசப்பை உணரும் ஏற்பிகள் மனித நாக்கில் ஏறத்தாழ 25 வகை. அவற்றில் ஒன்றைச் செய்யும் மரபணு இது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, நூல்கோல், கடுகுக்கீரை ஆகியவை இருக்கும் கடுகுக் குடும்பத்தில் கந்தகம் கலந்த சில பொருட்கள் உண்டு. அவற்றை உணர்வதும் இதே ஏற்பிதான். ஆகவே முள்ளங்கிச் சாம்பாரை ஒருவர் இனிப்பாகவும் இன்னொருவர் கசப்பாகவும் உணர்வது இயல்பு. இருவரும் உண்மையே சொல்கிறார்கள். ஒரே கிண்ணத்திலிருந்து உண்டாலும் இருவர் வாயிலும் இருப்பது ஒரே உணவு அன்று. பாகற்காயின் கசப்பு வேறு வகைப் பொருளிலிருந்து வருவதால், பாகற்காயை விரும்பித் தின்பவர் முட்டைக்கோஸை ஒதுக்குவதிலும் முரண்பாடு இல்லை.

கசப்பைத் தணிக்க உப்பு சர்க்கரையை விடவும் உதவக்கூடும். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் பால் பிரெஸ்லினும் கேரி போஷாம்பும் 1997இல் காட்டியது இதுதான்: உப்பு கசப்பை அடக்குகிறது, அடங்கியதும் அதன் கீழே மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது. பாகற்காயை வில்லைகளாக நறுக்கி உப்புப் பிசறி, அரைமணி கழித்துப் பிழியும் வழக்கத்தில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. கசப்பான சாறு ஒரு பங்கு வெளியேறுகிறது. காயில் தங்கிய உப்பு மிச்சக் கசப்பை மட்டுப்படுத்துகிறது. பிறகு சேரும் புளியும் வெல்லமும் கவனத்தை வேறு பக்கம் இழுக்கின்றன.

புளிப்பும் கசப்பும் எல்லோருக்கும் எப்போதும் வெறுப்பாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1975இல் வெளியிட்ட ஆய்வில், கர்நாடகப் பகுதித் தொழிலாளர்கள் சிட்ரிக் அமிலக் கரைசலையும் கொயினா கரைசலையும் இனிமையானவை என்று மதிப்பிட்டார்கள். இந்திய மருத்துவ மாணவர்களோ மேலைநாட்டினரைப் போல முகம் சுளித்தார்கள். சிறுவயதிலிருந்து புளியை மென்று பழகியவர்கள் அந்தத் தொழிலாளர்கள். பழக்கம் நாக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்துச் சான்று கிடைப்பது அரிது.

அந்தப் பழக்கம் கருவறையிலேயே தொடங்குகிறது. தாய் உண்ட பூண்டின் மணம் பனிக்குட நீரில் ஏறுவதை ஜூலி மெனெல்லா குழு 1995இல் காட்டியது. 2001இல் அதே குழு, கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ காரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னர் காரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றதைப் பதிவு செய்தது. ஒரு வீட்டின் குழம்பு மணம் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிறக்கும் முன்பே அறிமுகம். விருந்தாளிக்கு அந்த அறிமுகம் வேறொரு வீட்டில், வேறொரு மணத்தோடு நடந்திருக்கிறது.

ருசி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மெல்லும்போது எழும் ஆவி தொண்டை வழியே பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. சளி பிடித்தவருக்குச் சோறு சப்பென்று இருப்பது இதனால். மணத்தை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ நானூறு வகை என்பதால், ஆளுக்கு ஆள் வேறுபாட்டுக்கு இங்கே இன்னும் இடம் அதிகம். கொத்தமல்லித் தழை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் சிலருக்குச் சோப்பு நாற்றமாகத் தெரிகின்றன. ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தகவலைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு, ஒரு குறிப்பிட்ட மண ஏற்பியின் மரபணு அருகே உள்ள மாற்றத்தோடு இதைத் தொடர்புபடுத்தியது. அதே ஆண்டு கனடாவில் இளைஞர்களிடம் நடந்த கணக்கெடுப்பில் கிழக்காசிய வழியினரில் 21 விழுக்காட்டினரும், தெற்காசிய வழியினரில் 7 விழுக்காட்டினரும் கொத்தமல்லியை வெறுப்பதாகச் சொன்னார்கள். எந்நாளும் கொத்தமல்லி புழங்கும் சமையலில் வெறுப்பும் குறைவு என்பதை இந்த எண்களில் காணலாம். நூற்றுக்கு ஏழு பேர் அப்போதும் மிஞ்சுகிறார்கள் என்பதையும் காணலாம். அந்த ஏழு பேருக்கு, ரசத்தின் மேல் தூவிய பச்சைத் தழை முழு ரசத்தையும் கெடுத்துவிடும். தழையை அரைத்துத் துவையலாக்கினால் அந்த மணம் ஓரளவு அடங்குகிறது. இலை நசுங்கும்போது வெளிப்படும் நொதிகள் ஆல்டிஹைடுகளைச் சிதைக்கின்றன. எளிய வழி, தழையைத் தனிக் கிண்ணத்தில் வைத்து வேண்டியவர் தூவிக்கொள்ள விடுவது.

முட்டைக்கோஸும் காலிபிளவரும் வேகும் நாற்றம் வேறு கதை. வேக வேக அவற்றின் கந்தகப் பொருட்கள் சிதைந்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் வாயுக்கள் எழுகின்றன. மூடி போட்டுக் குழைய விடாமல், அகன்ற வாணலியில் வேகமாக வதக்கி இறக்கினால் நாற்றமும் குறைவு, மொறுமொறுப்பும் மிச்சம். மீனின் கவிச்சி வாடைக்கு டிரைமெத்திலமைன் காரணம். அது காரத்தன்மை உள்ள பொருள். புளியோ எலுமிச்சையோ சேரும்போது அமிலத்தோடு இணைந்து, காற்றில் எழ முடியாத உப்பாகிவிடுகிறது. மீன் குழம்பில் புளி ஏன் தவறாமல் இடம்பெறுகிறது என்பதற்கு வேதியியல் தரும் விளக்கம் இது. வாடைக்கு முகம் திருப்பும் விருந்தாளி வரும் நாளில், மீனைக் கழுவும்போதே எலுமிச்சை பிழிந்து வைப்பது பயன் தரும்.

உறைப்பு என்பது அறிவியல் கணக்கில் சுவையே அன்று. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்ந்து எரிச்சலை மூளைக்குச் சொல்லும் ஏற்பி ஒன்று உண்டு. மிளகாயின் கேப்சைசின் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழகாதவர் வாய் எரிகிறது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல் ஆகாது. அவருடைய நரம்பு உண்மையாகவே தீ என்று சொல்கிறது. மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டுவிட்டேன் என்ற ஆறுதலும் முழுமையாகச் செல்லாது. மிளகின் பைப்பெரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது, சற்று மென்மையாக. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தாளிப்பில் பொரிந்த வரமிளகாயை எடுத்துப் போட்டுவிட்டாலும் அதன் காரம் எண்ணெயில் இறங்கிக் குழம்பெங்கும் பரவிவிடுகிறது. எரிச்சலைத் தணிக்கத் தண்ணீர் உதவாததும் இதனால். பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி அகற்றுகிறது. விருந்தாளி அருகே தண்ணீர்ச் செம்போடு ஒரு கிண்ணம் தயிரும் இருப்பது நல்லது.

ஆய்வுகள் குறைவாகவும் அடுப்படி அனுபவம் மிகுதியாகவும் உள்ள பகுதி, வாயில் படும் தன்மை. வெண்டைக்காயின் வழவழப்பு, கத்தரிக்காயின் கொழகொழப்பு, பாலின் ஆடை, தக்காளியின் விதைச்சாறு, உப்புமாவில் பல்லில் படும் வெங்காயம் என ஒதுக்கப்படும் பட்டியல்களில் பல சுவையைப் பற்றியவையே இல்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒதுக்கி உண்பவர்கள் விரும்புபவை பெரும்பாலும் ஒரே சீரானவை: வெள்ளைச் சோறு, தயிர், இட்லி, வறுவல், பிஸ்கட். ஒவ்வொரு பிஸ்கட்டும் முந்தையதைப் போலவே இருக்கும். தக்காளியோ ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும், ஒன்று குழைந்திருக்கும். அடுத்த வாய் எப்படி இருக்கும் என்று தெரியாததுதான் அவர்களை வருத்துகிறது. தொடுதலையும் ஒலியையும் கூர்மையாக உணர்பவர்களிடம், குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்களிடம், இது இன்னும் வலுவாக இருக்கிறது.

இதற்குச் சமையலில் வழி உண்டு. வெண்டைக்காயின் பிசின் நீரில் கரைந்து இழுபடும் ஒரு மாவுச்சத்து வகை. முழுக்காயாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்கி, மூடாமல் வதக்கினால் அது வற்றிவிடுகிறது; சிறிது புளித்தண்ணீரோ தயிரோ சேர்ந்தால் இழை அறுகிறது. கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு. வெந்ததும் அது அமுங்கிக் கொழகொழக்கிறது. மெல்லிய வில்லைகளாக நறுக்கி மொறுமொறுவென்று வறுத்தால், குழம்பில் அதைத் தொடாதவரும் எடுப்பதுண்டு. கறிவேப்பிலையின் மணம் பிடித்து, இலை வாயில் படுவது மட்டும் பிடிக்காதவருக்கு, எண்ணெயில் பொரித்து வடித்தெடுத்துவிட்டால் மணம் எண்ணெயோடு நின்றுவிடுகிறது.

ஒரே ஒரு நாளில் பிறக்கும் வெறுப்பும் இருக்கிறது. ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் 1955இல் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, கூடவே கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். கதிர்வீச்சால் குமட்டல் கண்ட எலிகள் பிறகு அந்த இனிப்பை ஒதுக்கின. இத்தகைய பாடத்துக்கு ஒருமுறை போதும். உணவுக்கும் குமட்டலுக்கும் இடையே பல மணி நேரம் கடந்தாலும் அது பதிகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஐலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல், புற்றுநோய் மருந்து ஏற்றப்படும் குழந்தைகளுக்கு முன்னதாகப் புதுவகை ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். மருந்தால் வாந்தி கண்ட பிள்ளைகள் பின்னர் அந்த ஐஸ்கிரீமை நாடவில்லை. குமட்டலுக்குக் காரணம் உணவு இல்லை என்று அறிவுக்குத் தெரிந்தாலும் உடல் கேட்பதில்லை. மலைப்பாதைப் பேருந்தில் ஏறும் முன் தின்ற லெமன் சாதத்தை இருபது ஆண்டுகளாகத் தொடாதவர், இந்த எலிகளும் குழந்தைகளும் கற்ற பாடத்தையே கற்றவர். இந்த வகை வெறுப்புக்குச் சமையல் நுணுக்கம் எதுவும் உதவாது. அந்த ஒரு பண்டத்தை அவர் இருக்கும் நாட்களில் தவிர்ப்பது ஒன்றே வழி. நல்லவேளையாக, அது பெரும்பாலும் அந்த ஒன்றோடு நின்றுவிடும்.

அருவருப்பு இதிலிருந்து வேறானது. ரோசினும் உடன் ஆய்வாளர்களும் 1986இல், கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் ஒரு கணம் தோய்த்து எடுத்துவிட்டு அந்தச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். தீங்கில்லை என்று தெரிந்தும் பெரும்பாலோர் மறுத்தார்கள். தொட்டது ஒட்டிக்கொள்கிறது என்பது அருவருப்பின் இலக்கணம். மரக்கறி மட்டுமே உண்பவருக்குக் குழம்பிலிருந்து கறித்துண்டை எடுத்துவிட்டுப் பரிமாறுவதும், கோழிக்குழம்புக் கரண்டியைச் சாம்பாரில் விடுவதும் ஏன் ஏற்கத் தக்கவை அல்ல என்பதற்கு இதுவே விளக்கம். அவர் அளப்பது அளவை அன்று, தொடுதலை. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, முதலில் சமைத்து மூடிவைப்பது என்ற ஒழுங்கு அவருக்கு நிம்மதி தருகிறது. அருவருப்பு முகம் வழியாகவும் தொற்றும். 2003இல் பிரூனோ விக்கர் குழு எடுத்த மூளைப் படங்களில், நாற்றத்தை முகர்ந்தபோதும், நாற்றத்தை முகர்ந்த இன்னொருவரின் முகத்தைப் பார்த்தபோதும் மூளையின் ஒரே பகுதி இயங்கியது. பந்தியில் ஒருவர் முகம் சுளித்தால் பக்கத்து இலையிலும் கை தயங்குகிறது.

ஒதுக்குவதுபோலத் தோன்றி, உண்மையில் உடல்நிலையாக இருப்பவற்றை இங்கேயே பிரித்துவைக்க வேண்டும். இதில் பிசகினால் உயிருக்கே ஆபத்து. நிலக்கடலை, முந்திரி, எள், பால், முட்டை, மீன், இறால், கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குக் கொஞ்சம்தானே என்ற பேச்சே கூடாது. தமிழ்நாட்டு அடுப்படியில் இவை மறைந்திருக்கும் இடங்கள் பல. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும். குருமாவில் முந்திரி விழுது இருக்கும். இட்லிப்பொடியில் எள் இருக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சாதாரணம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் இரு வகை உண்டு. பாலின் சர்க்கரை செரிக்காதவருக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைப் புளிப்பாக்கிவிட்டிருக்கும். பாலின் புரதமே ஒவ்வாதவருக்குத் தயிரும் ஆகாது, நெய்யும் பாதுகாப்பில்லை. கர்ப்பிணிகள், மணமும் சுவையும் மங்கிய முதியவர்கள், கோவிட் கண்ட பிறகு காப்பியும் வெங்காயமும் நாற்றமாகத் தெரிபவர்கள் இன்னொரு கூட்டம். உணவு வகைகள் மிகச் சுருங்கி, உடல் மெலிந்து, வாழ்க்கையே தடைபடும் நிலையை 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு தனி நோயாகச் சேர்த்தது. அதற்கு மருத்துவம் தேவை. விருந்து வைப்பவரால் தீர்க்கக் கூடியது அன்று.

காரணம் எதுவென்று அறியக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். என்ன பிடிக்கும் என்ற கேள்விக்குத் தமிழ் விருந்தாளி தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: எதுவானாலும் சரி, எனக்காகச் சிரமப்படாதீர்கள். காலையில் வீட்டில் வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் உண்மை வரும். சேராதது ஏதாவது உண்டா என்று கேட்டால் ஒவ்வாமை வெளிப்படும். வருவதற்கு முன்பே, தொலைபேசியில், பலர் முன்னிலையில் இல்லாமல் கேட்பது சிறந்தது.

தெரிந்தபின், அவருக்கென்று தனிச் சமையல் வைப்பது சமைப்பவரையும் களைப்பாக்கும், விருந்தாளியையும் கூசவைக்கும். ஒரே சமையலைப் படிப்படியாகப் பிரிப்பது எளிது. துவரம்பருப்பு வெந்ததும், புளியும் பொடியும் சேரும் முன் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் நெய்ப்பருப்பு. மிச்சம் சாம்பார் ஆகட்டும். தேங்காய்ச் சட்னியில் தாளிப்பைக் கடைசியில் பாதிக்கு மட்டும் கொட்டலாம். வெங்காயத்தைத் தோசை மாவில் கலக்காமல் ஊற்றிய தோசையின் மேல் தூவலாம். எல்லாம் மாவிலேயே கலந்துவிடும் அடையும், எல்லாம் ஒன்றாய் வேகும் பிரியாணியும், கூட்டாஞ்சோறும் இத்தகைய விருந்தாளிக்குக் கடினம். வெள்ளைச் சோற்றை நடுவில் வைத்துக் குழம்பு, ரசம், மோர், பொரியல், அப்பளம் என்று தனித்தனியே நிற்கும் சாப்பாடு அவருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. இலையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் விழுகிறது. ஒன்றோடொன்று கலப்பதும் கலக்காததும் உண்பவர் விரலில் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் அவர் நிச்சயமாக உண்ணக்கூடிய இரண்டு பண்டங்கள் இருந்தால் போதும். நான்கு நாள் தயிர்சாதமும் அப்பளமும் தின்று, வேறு நோயில்லாத எவருக்கும் ஊட்டக்குறைவு வந்துவிடாது.

வேண்டாதவருக்குத் தெரியாமல் காயை அரைத்துக் கலந்துவிடும் வழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது சரியில்லை. உணவின் பெயர் சுவையை மாற்றுகிறது என்பது சோதிக்கப்பட்ட உண்மை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் யோமன்ஸ் குழு 2008இல், புகையூட்டிய சால்மன் மீனில் செய்த ஐஸ்கிரீமைக் கொடுத்தது. ஐஸ்கிரீம் என்று மட்டும் கேட்டவர்கள் அது தாங்க முடியாத உப்பு என்று வெறுத்தார்கள். காரவகைக் குளிர்பண்டம் என்று கேட்டவர்கள் அதையே ஏற்றுக்கொண்டார்கள். எதிர்பார்த்ததும் வாயில் பட்டதும் மோதினால் நல்ல உணவும் கெட்டுப்போகிறது. மறைத்தது வெளிப்பட்டால், அதுவரை அவர் நம்பி உண்ட இட்லியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இன்ன பண்டம், இன்னது கலந்தது என்று சொல்லிவிட்டு வைப்பதே நல்லது.

பரிமாறும் முறையில் தமிழ் உபசாரத்துக்கும் ஆய்வுக்கும் உரசல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு கரண்டி, நான் செய்ததாயிற்றே என்று வற்புறுத்துவது அன்பின் மொழி. ஆனால் வற்புறுத்தல் எதிர்விளைவையே தருகிறது. லியான் பெர்ச் 1984இல், கெஃபீர் என்னும் புளித்த பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட சிறுவர்களுக்கு, பிறகு அந்தப் பானத்தின் மீது விருப்பம் குறைந்ததைக் கண்டார். ஏமி கேலோவேயும் பெர்ச்சும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பைக் குடித்து முடி என்று சொல்லப்படாதபோது பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள், குறையும் குறைவாகச் சொன்னார்கள். கல்லூரி மாணவர்களிடம் 2002இல் கேட்டபோது, சிறுவயதில் வலிந்து ஊட்டப்பட்ட பண்டத்தை இன்றும் விரும்பி உண்ணமாட்டோம் என்று, அந்த அனுபவம் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சொன்னார்கள். அமெரிக்க உணவியலாளர் எல்லின் சேட்டர் பெற்றோருக்காக ஒரு வேலைப் பிரிவினையை 1980களில் முன்வைத்தார்: எது, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, உண்பதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. விருந்தாளிக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பாத்திரங்களை நடுவில் வைத்து அவரையே எடுத்துக்கொள்ள விட்டால், கையை இலைமேல் குறுக்கே நீட்டித் தடுக்கும் சங்கடமே எழாது. ஒதுக்கியதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசாதிருப்பது அதைவிடப் பெரிய உதவி.

புதிய உணவை ஏற்க ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 8 முதல் 15 முறை அதைச் சுவைத்துப் பழக வேண்டியிருக்கிறது என்று பெர்ச் தொடங்கிவைத்த ஆய்வு வரிசை காட்டுகிறது. நான்கு நாள் தங்குபவரைத் திருத்த முயல்வது இந்தக் கணக்குப்படியே வீண். கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கும் பேரப்பிள்ளைக்கு மட்டும் அந்த எண்ணிக்கை எட்டக்கூடியது. அங்கே செய்யத்தக்கது சிறியது. பழகிய சுவையோடு புதியதைச் சேர்ப்பது ஒன்று. பிளைனர் 2000இல் காட்டியபடி, தெரிந்த தொடுகறியோடு வந்த தெரியாத பண்டத்தைப் பிள்ளைகள் எளிதாகச் சுவைத்துப் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு இட்லிப்பொடி பிடிக்குமென்றால் வெண்டை வறுவலிலும் அந்தப் பொடியைத் தூவலாம். மெக்சிகோ மலைக்கிராமம் ஒன்றில் ரோசின் கண்டது இன்னொன்று: பிள்ளைகள் அங்கே யாரும் கட்டாயப்படுத்தாமல், வீட்டார் ருசித்து உண்பதைப் பார்த்துப் பார்த்து, ஐந்து முதல் எட்டு வயதுக்குள் மிளகாயை விரும்பத் தொடங்கினார்கள். தாத்தாவும் அத்தையும் தங்கள் பங்கை மகிழ்ந்து உண்ண, பிள்ளையின் தட்டில் ஒரு பட்டாணி அளவு மட்டும் வைத்தால் போதும். தொட்டுப் பார்ப்பதும் முகர்வதும் நாக்கில் வைத்துத் துப்புவதும் பழகுவதன் படிகள்தான். துப்புவதற்கு ஒரு சிறு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். மாதம் முடியும்போதும் அந்தக் காய் ஒதுங்கியே கிடந்தால், அடுத்த விடுமுறையில் வேறொரு காயிலிருந்து தொடங்கலாம்.